மன்னிப்பு என்றால் வாயை மூடிக்கொள்வதா?

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "ஏன் அக்கா, உங்க ஏசு சாமியை ஆணி அடிச்சுக் கொன்னாங்க. அவரும் பேசாம மன்னிச்சுட்டுப் போயிட்டார். அப்போ, அடிச்சா வாங்கிக்கிட்டு இருன்னுதானே அர்த்தம்?"

கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது அவளுக்கு. எதை மனசில் வைத்துக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இயேசு வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர் இல்லை, சகோதரிகளே. கெத்செமனே தோட்டத்தில் இந்தத் துன்பம் நீங்கக் கூடாதா என்று மனம் கலங்கி ஜெபம் செய்தார். வலி அவருக்கும் வலிதானே! ஆனால் சேவகர்கள் வந்தபோது தாமே எதிரே போய் நின்றார். பேதுரு வாளை உருவியபோது, உறையில் போடு என்று தடுத்தார். தம் உயிரை யாரும் பறிப்பதில்லை, தாமாகவே கொடுப்பதாக முன்பே சொல்லியும் இருந்தார். யோவான் சுவிசேஷத்தில் இது இருக்கிறது. நாங்கள் தியாகம் என்று சொல்வதற்கு உயிர்நாடியே இந்தத் 'தாமாகவே'தான்.

நம் வீடுகளைப் பாருங்கள். கருகின தோசை அம்மாவுக்கு, முறுகல் தோசை பிள்ளைக்கு. மனசாரச் செய்தால் அது அன்பு. ஆனால் அண்ணன் படிக்க வேண்டும் என்று தங்கையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு, "எங்க பொண்ணு எவ்வளவு தியாகம் பண்ணினா!" என்று பெருமை பேசுகிறோமே, அதற்குப் பெயர் தியாகமா? அவளை யார் கேட்டார்கள்? அதைப் பறிப்பு என்றுதான் நான் சொல்வேன்.

மன்னிப்பும் இப்படித்தான். கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் என்ற அம்மாளை நினைத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் பிறந்த நர்ஸ். கணவர் கிரஹாம் 1965-லிருந்து ஒரிசாவில் குஷ்டரோகிகளுக்காக உழைத்தவர். பாரிபதா என்ற ஊரில் குடும்பம். பிள்ளைகள் பிலிப்புக்கு வயது 10, திமோத்திக்கு 6. ஊட்டியில் படித்துக்கொண்டிருந்த பையன்கள் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். 1999 ஜனவரியில் மனோகர்பூர் என்ற கிராமத்தில், குளிருக்காக வண்டிக்குள்ளேயே அப்பாவும் பிள்ளைகளும் படுத்திருந்தபோது, நள்ளிரவில் ஒரு கும்பல் தீ வைத்தது. மூவரும் போய்விட்டார்கள். அம்மாவும் மகளும் மட்டும் மிச்சம்.

கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அந்தத் தாய் சொன்னார். கிறிஸ்துவில் கடவுள் தன்னை மன்னித்திருக்கிறார், தானும் மன்னிக்கத்தான் வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். எனக்கானால் அந்த வார்த்தை வாயில் வருமா என்று தெரியவில்லை. நம் குழந்தையை யாராவது ஒரு தட்டுத் தட்டினாலே வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் நாம்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவில்லை. நடந்தது கொலை இல்லை என்று அவர் சொல்லவும் இல்லை. மன்னிப்பது தன் காரியம், தண்டனை சட்டத்தின் காரியம் என்று இரண்டையும் பிரித்தே வைத்தார். முக்கியக் குற்றவாளிக்கு விதித்த ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னித்ததில் அந்தத் தாய்க்குக் கிடைத்த விடுதலை வேறு. பழிவாங்கும் நினைப்பு என்ற நெருப்பை வயிற்றில் கட்டிக்கொண்டு அலையாமல், மறுநாள் எழுந்து நோயாளிகளைக் கவனிக்க முடிந்ததே, அதைச் சொல்கிறேன்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, "அடிக்கிற கையைத் தடுக்கிறதும், பெரியவங்ககிட்டே சொல்றதும், தேவைப்பட்டா போலீசுக்குப் போறதும் மன்னிப்புக்கு விரோதம் இல்லேம்மா. நாளைக்கும் அடி வாங்கறேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறதா மன்னிப்பு?" என்றேன். மறு வாரம் அம்மா வீட்டுக்குப் போய்த் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பா இப்போது மாப்பிள்ளையிடம் பேசிக்கொண்டிருக்கிறார். முடிவு இன்னும் தெரியவில்லை.

கிளாடிஸ் அம்மாள் உடனே ஊர் திரும்பிவிடவில்லை. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், போயிருக்கலாம். கணவர் விட்டுப்போன குஷ்டரோகிகள் இல்லத்தை ஐந்து வருஷம் நடத்தினார். 2004-ல்தான் மகளுடன் ஆஸ்திரேலியா போனார். மறு வருஷம் அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. கணவர் பெயரில் பாரிபதாவில் ஒரு மருத்துவமனையும் எழுந்திருக்கிறது.