ஒருபெயர்த் தலைப்புக் கோப்புகளும் அவற்றின் மயக்கம் களையும் நெறியும்

பழந்தமிழ் நூல்களின் சொல்லடைவும் சொல்லெண்ணிக்கையும் கணிப்பொறியால் எடுக்கப்படும் இந்நாளில், அக்கணக்கைச் செய்யும் நிரல் ஓரிடத்தில் இயங்கி மற்றோரிடத்தில் இயங்காமற் போதல் தமிழாய்வாளரும் எண்ணிப் பார்த்தற்குரியது. அங்ஙனம் நேர்தற்குக் காரணங்கள் பல. அவற்றுள் பெயர் மயக்கம் ஒன்றனை மட்டும் ஈண்டு ஆராய்வாம். நிரல் நின்றுவிடுதலினும், நில்லாது ஓடிப் பிழைபட்ட விடையைத் தருதல் கொடிது. பெயர் மயக்கம் இவ்விரண்டனையும் செய்ய வல்லது.

சி மொழியில் எழுதிய நிரலின் தலையில் வேறு சில கோப்புகளின் பெயர்கள் குறிக்கப்பெறும். நிரலுள் வழங்கும் செயற்கூறுகள் இவை, இவை கொள்வன இன்ன, தருவன இன்ன என்று முன்னரே அறிவிப்பன அக்கோப்புகள். தலைப்புக் கோப்பு என்பது அவற்றிற்குப் பெயர். நூலுக்குப் பாயிரம் போல்வது எனலாம். பாயிரமின்றி நூலில்லை என்னும் இலக்கண நூலார் கொள்கை இதற்கு முற்றும் பொருந்தும்.

யூனிக்ஸ் 1969-இல் பெல் ஆய்வகத்தில் தோன்றியது. பின்னர் ஏடி அண்டு டி நிறுவனத்தாரின் கிளை ஒன்றும், பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தாரின் கிளை ஒன்றுமாக அது பிரிந்தது. பிரிந்த கிளைகள் ஒரு பொருளுக்கு வெவ்வேறு பெயரும், வெவ்வேறு பொருளுக்கு ஒரே பெயரும் இட்டு வழங்கின. எழுத்துச் சரத்தில் ஓர் எழுத்தைத் தேடும் செயற்கூறு ஒரு கிளையில் 'எஸ்டிஆர்சிஎச்ஆர்', மற்றதில் 'இண்டெக்ஸ்'. முன்னது 'ஸ்ட்ரிங்.எச்' என்னும் கோப்பிலும் பின்னது 'ஸ்ட்ரிங்ஸ்.எச்' என்னும் கோப்பிலும் அறிவிக்கப்பட்டன. இடையே நிற்பது ஒற்றைச் சகரமெய்யே. 1989-இல் அமைந்த சி மொழித் தரம் முன்னதை ஏற்றது. 2008-ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரம் 'இண்டெக்ஸ்' என்பதை விலக்கிற்று. எனினும், அதற்கு முன் எழுதிய நிரல்கள் இன்னும் பலரிடம் உள்ளன.

ஒருபொருட் பலசொல்லால் வரும் இடர் இது. பெயர்களை ஒன்றற்கொன்று ஈடாகக் குறித்துக்கொண்டால் தீர்வது. பலபொருள் ஒருசொல்லால் வரும் இடரே ஆழமானது. 'வில்லிபுத்தூரார்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். திருவில்லிபுத்தூரில் அப்பெயர் கேட்டார்க்கு முதலில் நினைவில் வருபவர் பெரியாழ்வார்; இலக்கிய வரலாறு பயிலும் மாணவர்க்கு வருபவர் பாரதம் பாடியவர். பாரதம் பாடியவரோ திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரினர் என்றும், ஆழ்வார்பால் கொண்ட அன்பால் தந்தையார் அப்பெயரிட்டனர் என்றும் கூறுவர். பெயர் ஒன்றே, கேட்பவர் எவ்விடத்து முதலில் தேடுகின்றார் என்பதே ஆளைத் துணிகின்றது.

நிரல்பெயர்ப்பியின் போக்கும் இத்தகையதே. கோப்பின் பெயர் இரட்டை மேற்கோட்குறிக்குள் இருப்பின், அதனைக் குறிக்கும் கோப்பு உள்ள அடைவில் அது முதலில் தேடும். கோணக் குறிக்குள் இருப்பின் அவ்வடைவை விடுத்து, நாம் கட்டளையில் '-ஐ' என்னும் குறியிட்டுக் காட்டிய அடைவுகளிலும், அவற்றின் பின் அமைப்புக்குரிய அடைவுகளிலும் தேடும். முதலிற் கிடைத்ததையே கொள்ளும். பின்னும் ஒன்று உண்டோ என வினவாது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டான் விளக்குதும். சொல்லடைவு நிரல் ஒன்று இராசபாளையத்தில் லினக்ஸ் பொறியில் எழுதப்பட்டது என வைத்துக்கொள்வோம். சொல்லின் மேலெல்லை 90 பைட்டு என 'கான்ஃபிக்.எச்' என்னும் கோப்பில் ஆசிரியர் வரையறுத்து, அதனை '-ஐ' குறியால் காட்டியுள்ளார். நிரல் பயன்கொள்ளும் பிறரது நிரலகம் ஒன்றும் அதே பெயரில் ஒரு கோப்பை, அதே எல்லைப் பெயருக்கு 30 என்னும் மதிப்புடன், 'யூஎஸ்ஆர்' அடைவின் உள்ளடங்கிய 'லோக்கல்' அடைவில் நிறுவியுள்ளது. லினக்ஸில் வழங்கும் ஜிசிசி அவ்வடைவைத் தானே, ஆனால் '-ஐ' குறியால் காட்டியவற்றின் பின், தேடும். ஆகலின் இங்கு இடர் இல்லை. அதே நிரல் திருவில்லிபுத்தூரில் ஃபிரீபிஎஸ்டி பொறியைச் சேர்கின்றது. அவ்வமைப்பின் நிரல்பெயர்ப்பி 'லோக்கல்' அடைவைத் தானாகத் தேடாது. எனவே அதனையும் '-ஐ' குறியால் காட்டல் வேண்டும். காட்டுபவர் அதனை முன்னும் ஆசிரியரது அடைவைப் பின்னும் எழுதிவிடின் பிறர் கோப்பே கொள்ளப்படும். பிழைச்செய்தி ஒன்றும் தோன்றாது.

ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும்; உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். 30 பைட்டில் அடங்குவன 10 குறிகளே. 18 குறிகள் கொண்ட 'திருவில்லிபுத்தூர்' அடைவில் 'திருவில்லி' என நிற்கும். 11 குறிகள் கொண்ட 'இராசபாளையம்' புள்ளி ஒன்றனை மட்டும் இழந்து 'இராசபாளையம' ஆகும். முன்னதைக் காண்பார் ஐயுறுவர்; பின்னதை ஏட்டின் பாடவேறுபாடு எனக் கருதிக் குறிப்பு வரைதலும் கூடும்.

வேறு வகைகளும் உள. ஆப்பிள் மாக் பொறியின் கோப்பமைப்பு, இயல்பு நிலையில், ஆங்கிலப் பேரெழுத்துச் சிற்றெழுத்து வேறுபாடு பாராது. ஆகலின் நாம் பேரெழுத்தில் தொடங்கிப் பெயரிட்ட 'ஸ்ட்ரிங்.எச்', அமைப்பின் கோப்பிற்குரிய இடத்தைப் பற்றிக்கொள்ளும். கோப்பு இருமுறை புகாவண்ணம் இடும் காவற்பெயர் இரு கோப்புகளுக்கும் ஒன்றாயின், பின்வருவது வெற்றுக் கோப்பாய்க் கழியும். கெர்னிகன், ரிச்சி இருவரும் எழுதிய சி மொழிப் பாடநூலின் (1978) வழி 'கெட்லைன்' எனத் தாமே செயற்கூறு எழுதிப் பழகியோர் பலர். 2008-இல் போசிக்ஸ் அப்பெயரையே தனதாக்கிக்கொள்ள, அந்நிரல்கள் முரண்பட்டன. இது வெளிப்படையாகப் பிழை காட்டி நிற்பது ஆகலின் பெரிதன்று.

மயக்கம் களையும் நெறியைச் சங்கப் புலவர் பெயர்களே காட்டும். சாத்தனார் பலராகவே சீத்தலைச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் என ஊரும் பிறவும் அடையாயின. (இராசாக்கள் பலர் வாழும் இராசபாளையத்தில் அத்தொழிலை முன்னெழுத்துகள் செய்கின்றன: 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண அரசின் தலைமையேற்றவர் பூ.ச. குமாரசாமி ராஜா, ஆலைத் தொழில் வளர்த்தவர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா.) அவ்வாறே தலைப்புக் கோப்பைத் தனி அடைவில் இட்டு, அவ்வடைவின் பெயரோடு சேர்த்தே நிரலிற் குறித்தல் வேண்டும். யூனிக்ஸிலேயே 'டைம்.எச்' என்பதும், 'சிஸ்' அடைவினுள் உள்ள 'டைம்.எச்' என்பதும் இங்ஙனம் வேறாக நிற்கின்றன. காவற்பெயருக்கும் அவ்வடை வேண்டும்.

எந்த அமைப்பில் எக்கோப்பு உண்டு என்பதை அமைப்பின் பெயர் கொண்டு ஊகித்தல் தகாது. லினக்ஸ் எனின் இன்னது உண்டு என எழுதிய விதி, அடுத்த பதிப்பிலேயே பொய்த்தலும் உண்டு. 1991-இல் தொடங்கிய ஆட்டோகான்ஃப் என்னும் கருவி, சிறு நிரல்களைத் தொகுத்துப் பார்த்து உண்மை, இன்மை துணிகின்றது. இதுவே நம்பத்தக்க முறை.

கைக்கு வந்த பழைய நிரலை ஆராய்வோர் முதலில், ஜிசிசி கட்டளையில் '-எச்' என ஆங்கிலப் பேரெழுத்தில் இட்டுத் தொகுக்கலாம். உண்மையில் திறக்கப்பட்ட தலைப்புக் கோப்புகளின் பெயர்கள், கிடைத்த இடத்தோடு, வரிசையாக வெளிவரும். இரு பொறிகளிலும் அப்பட்டியலை எடுத்து ஒப்புநோக்கின், ஏடுகளை ஒப்பிடுவார்க்குப் பாடவேறுபாடு தோன்றுமாறு போல, பிறர் கோப்பு புகுந்த இடம் அவ்வரியிலேயே தோன்றும்.