பழைய படகு விற்பனை (ஐக்கிய அமெரிக்கா)

பழைய படகு விற்பனை என்பது ஏற்கெனவே பயன்படுத்திய பொழுதுபோக்குப் படகு ஒன்றை அதன் உரிமையாளர் பிறருக்குக் கைமாற்றுதல் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இதற்கு இரண்டு முதன்மையான வழிகள் உள்ளன. பழைய படகை விற்பனையகத்திடம் ஒப்படைத்து, அதன் மதிப்பைப் புதிய படகின் விலையில் கழித்துக்கொள்வது முதல் வழி. இக்கட்டுரையில் இது மாற்றுமுறை விற்பனை எனப்படுகிறது. உரிமையாளர் தாமே விளம்பரம் செய்து, வாங்குபவரைக் கண்டறிந்து விற்பது இரண்டாம் வழி. இது நேரடி விற்பனை எனப்படும்.

பொதுவாக நேரடி விற்பனையில் கிடைக்கும் விலை கூடுதலாக இருக்கும். ஆனால் அவ்விலை முழுவதும் விற்பவரின் கையில் தங்குவதில்லை. வரி, பராமரிப்புச் செலவு, காத்திருக்கும் காலம், ஏமாற்றப்படும் இடர் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரே எந்த வழி ஆதாயமானது என்று கூற முடியும்.

பின்னணி

வாகனங்களைப் போலவே படகுகளும் வாங்கிய நாளிலிருந்து மதிப்பிழக்கின்றன. ஆயினும் பழைய படகுச் சந்தை, பழைய மகிழுந்துச் சந்தையைவிட மிகச் சிறியது. படகுகளின் வகைகள் பல. ஒவ்வொரு வகைக்கும் வாங்குபவர்கள் சிலரே. ஆழமற்ற ஏரியில் மீன்பிடிக்க ஏற்ற படகு கடலுக்குப் பயன்படாது. உப்புநீரில் ஓடிய படகை நன்னீர்ப் பகுதியினர் வாங்கத் தயங்குவர். எனவே ஒரே ஆண்டில் ஒரே நிறுவனம் செய்த இரண்டு படகுகளின் விலைகூடப் பெரிதும் வேறுபடலாம்.

மேலும், விற்கப்படாத படகு செலவு வைத்துக்கொண்டே இருக்கும். படகுத்துறை வாடகை, காப்பீடு, கடன் வட்டி, தூய்மைப்படுத்தும் செலவு ஆகியவை மாதந்தோறும் தொடரும். பேரேரிகள் போன்ற குளிர்ப் பகுதிகளில், இயந்திரத்துக்குள் நீர் உறைந்து வெடிப்பு ஏற்படாதவாறு குளிர்காலத்துக்கு முன் அதை வடித்துப் பாதுகாக்கும் செலவும் இதனுடன் சேரும்.

மாற்றுமுறை விற்பனை

மதிப்பிடும் முறை

விற்பனையகம் முதலில் படகின் ஆண்டு, வகை, இயந்திரம் ஓடிய மணிநேரம், உடற்பகுதியின் நிலை, இழுவை வண்டி உள்ளதா என்பன போன்றவற்றை ஆராயும். பின்னர் விலை வழிகாட்டி நூல்களைப் பார்க்கும். நாடா என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்ட வழிகாட்டி இப்பொழுது ஜே. டி. பவர் என்ற பெயரில் வெளியாகிறது. பக் எனப்படும் வழிகாட்டியும் பயன்பாட்டில் உள்ளது.

வழிகாட்டியில் உள்ள விலையை விற்பனையகம் அப்படியே தருவதில்லை. அப்படகை எவ்வளவுக்கு மறுபடி விற்க முடியும் என்று கணித்து, அதிலிருந்து பழுதுபார்க்கும் செலவு, விற்கும் வரை இடம் கொடுக்கும் செலவு, முடங்கும் முதலுக்கான வட்டி, தனது இலாபம் ஆகியவற்றைக் கழிக்கும். எஞ்சுவதே மாற்று மதிப்பு. ஆகவே மாற்று மதிப்பு குறைவாக இருப்பது ஏமாற்று என்று கொள்ளத் தேவையில்லை. விற்பவர் செய்ய வேண்டிய வேலையையும் ஏற்க வேண்டிய இடரையும் விற்பனையகம் ஏற்பதற்கான விலையே அந்த வேறுபாடு ஆகும்.

மிகப் பழைய படகுகளையும், தமது பகுதியில் விலைபோகாத வகைகளையும் விற்பனையகங்கள் ஏற்க மறுப்பதுண்டு.

விற்பனை வரி

மாற்றுமுறை விற்பனையின் முதன்மையான ஆதாயம் வரியில் உள்ளது. பல மாநிலங்களில் புதிய படகின் முழு விலைக்கு வரி விதிக்கப்படுவதில்லை. பழைய படகின் மதிப்பைக் கழித்து எஞ்சும் தொகைக்கே வரி விதிக்கப்படுகிறது. நேரடியாக விற்றுக் கிடைத்த பணத்தைக் கொண்டு புதிய படகு வாங்கினால் இக்கழிவு கிடைக்காது.

இவ்விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்:

- புளோரிடாவில் மாநில விற்பனை வரி 6% ஆகும். மாற்று மதிப்பைக் கழித்த பின்னரே வரி கணக்கிடப்படுகிறது. ஆனால் 2010 முதல் ஒரு படகுக்கான வரி 18,000 டாலருக்கு மேல் போகாதவாறு வரம்பு உள்ளது. அதாவது 3,00,000 டாலருக்கு மேற்பட்ட தொகைக்குக் கூடுதல் வரி இல்லை. எனவே 5,00,000 டாலர் படகு வாங்குபவர் 1,00,000 டாலர் மதிப்புள்ள பழைய படகைக் கொடுத்தாலும் அவருக்கு வரியில் எதுவும் மிச்சமாகாது.
- கலிபோர்னியாவில் இக்கழிவு இல்லை. பழைய படகின் மதிப்பும் விலையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டு, முழு விலைக்கும் வரி விதிக்கப்படுகிறது.
- டெலவெயர், ஓரிகன், மொன்டானா போன்ற மாநிலங்களில் பொது விற்பனை வரியே இல்லாததால் இவ்வாதாயம் எழுவதில்லை.

மதிப்பை உயர்த்திக் காட்டுதல்

சில வேளைகளில் பழைய படகுக்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான மதிப்பு தருவதாகக் கூறப்படும். அதே வேளையில் புதிய படகுக்குத் தரக்கூடிய தள்ளுபடி குறைக்கப்பட்டிருக்கும். எனவே பழைய படகின் மதிப்பை மட்டும் தனித்துப் பார்ப்பது பயன் தராது. பழைய படகு இல்லாமல் புதிய படகை என்ன விலைக்குத் தருவர் என்பதை முதலில் எழுத்தில் பெற்று, அதன் பின் மாற்று மதிப்பைப் பேசுவது நல்லது. இறுதியாக மேற்கொண்டு செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு என்பதே ஒப்பிட வேண்டிய எண் ஆகும்.

நேரடி விற்பனை

படிநிலைகள்

நேரடி விற்பனை பொதுவாகக் கீழ்க்காணும் வரிசையில் நடைபெறும்.

1. உரிமை ஆவணங்களையும் பராமரிப்புப் பதிவுகளையும் திரட்டுதல்
2. படகைத் தூய்மை செய்து சிறு பழுதுகளை நீக்குதல்
3. ஒத்த படகுகளின் விலையைப் பார்த்து விலை குறித்தல்
4. ஒளிப்படங்களுடன் விளம்பரம் செய்தல்
5. வாங்க விரும்புபவருக்குப் படகைக் காட்டுதல்
6. எழுத்து ஒப்பந்தமும் முன்பணமும் பெறுதல்
7. ஆய்வாளர் சோதனையும் நீரில் ஓட்டிப் பார்த்தலும்
8. முழுப் பணமும் பெற்று, விற்பனைச் சீட்டு எழுதி, உரிமையை மாற்றுதல்

பெரிய படகாயின் வாங்குபவர் தமது செலவில் கடற்கல ஆய்வாளர் ஒருவரை அமர்த்துவது வழக்கம். ஆய்வாளர் கண்ணாடியிழை உடலில் நீர் ஊறியுள்ளதா, மேற்பூச்சின் அடியில் கொப்புளங்கள் உள்ளனவா, மின்கம்பிகளும் எரிபொருள் தொட்டியும் பாதுகாப்பாக உள்ளனவா என்பவற்றைச் சோதிப்பார். வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் இவ்வறிக்கையைக் கேட்பதுண்டு. அறிக்கையில் குறைகள் தெரிந்தால் விலை மறுபடி பேசப்படும். எனவே ஒப்பந்தத்தில் எழுதிய விலை இறுதி விலை அன்று.

ஆவணங்கள்

1972 நவம்பர் 1 முதல் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்காகச் செய்யப்படும் பொழுதுபோக்குப் படகுகளுக்கு 12 எழுத்துக்களும் எண்களும் கொண்ட அடையாளக் குறி இடப்படுகிறது. இது பொதுவாகப் படகின் பின்புறத்தில் வலப்பக்கத்து மேற்பகுதியில் இருக்கும். முதல் மூன்று எழுத்துக்கள் செய்தவரைக் குறிக்கும். 1984 ஆகஸ்டு முதல் செய்யப்பட்ட படகுகளில் இதே குறி மறைவான மற்றோர் இடத்திலும் இருக்க வேண்டும். குறியும் ஆவணமும் பொருந்தவில்லை என்றால் விற்பனை அங்கேயே நின்றுவிடும்.

உரிமைச் சான்று வழங்கும் முறை எல்லா மாநிலங்களிலும் ஒன்றாக இல்லை. சில மாநிலங்கள் படகுகளுக்குப் பதிவு மட்டுமே செய்கின்றன. நிகரக் கொள்ளளவு 5 டன் அல்லது அதற்கு மேற்பட்ட படகுகளைக் கடலோரக் காவற்படையின் கீழ் இயங்கும் தேசியக் கலப் பதிவு மையத்தில் பதியலாம். இவ்வாறு பதிந்த படகின் முந்தைய உரிமையாளர்கள், அதன்மேல் பதியப்பட்ட அடமானங்கள் ஆகிய விவரங்களை அம்மையத்திலிருந்து பெறலாம். இது தமிழ்நாட்டில் நிலத்துக்குப் பெறப்படும் வில்லங்கச் சான்றை ஒத்தது.

உரிமை மாறியதை மாநில அலுவலகத்துக்கு அறிவிப்பது விற்பவருக்கு இன்றியமையாதது. அறிவிக்காவிடில், புதிய உரிமையாளர் செய்யும் விபத்துக்கோ கைவிட்டுச் சென்ற படகுக்கோ பழைய உரிமையாளரைத் தேடி அதிகாரிகள் வரக்கூடும்.

பொறுப்பு

தனியார் விற்பனையில் படகு பெரும்பாலும் உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது. பெரும்பாலான மாநிலங்களில், பொருள் பயன்பாட்டுக்குத் தகுதியானது என்ற மறைமுக உறுதி அப்பொருளை வணிகமாக விற்பவருக்கே பொருந்தும், தனியாருக்குப் பொருந்தாது. ஆனால் தெரிந்த குறையை மறைத்துப் பொய்யுரைத்தால் தனியாரும் வழக்கைச் சந்திக்க நேரிடும்.

மோசடிகள்

நேரடி விற்பனையில் பரவலாகக் காணப்படும் மோசடி, போலி வங்கிக் காசோலை ஆகும். வாங்குபவராக நடிப்பவர் விலையைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை அனுப்பி, மிகுதியைப் படகை ஏற்றிச் செல்பவருக்கு அனுப்பிவிடுமாறு கேட்பார். வங்கி ஓரிரு நாட்களில் பணத்தைக் கணக்கில் காட்டிவிடும். காசோலை போலி என்று தெரியவரச் சில வாரங்கள்கூட ஆகலாம். அப்பொழுது வங்கி அத்தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். விற்பவர் அனுப்பிய பணமும், கொடுத்திருந்தால் படகும் போய்விடும்.

கணக்கில் தொகை தெரிவதும் காசோலை உண்மையில் நிறைவேறுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதை உணர்ந்தால் இம்மோசடியிலிருந்து தப்பலாம். வாங்குபவரின் வங்கிக் கிளைக்கே நேரில் சென்று பரிமாற்றத்தை முடிப்பது பாதுகாப்பான வழியாகும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

புளோரிடாவில் ஒருவர் 80,000 டாலருக்குப் புதிய படகு வாங்குவதாகக் கொள்வோம். அவரது பழைய படகுக்கு விற்பனையகம் 30,000 டாலர் தருகிறது. நேரடியாக விற்றால் மூன்று மாதத்தில் 36,000 டாலர் கிடைக்கும் எனவும் கொள்வோம். இவ்வெண்கள் விளக்கத்துக்காகக் கற்பிக்கப்பட்டவை. மாவட்ட அளவிலான கூடுதல் வரி இங்கு சேர்க்கப்படவில்லை.

மாற்றுமுறை விற்பனை:
- மாற்று மதிப்பு: 30,000
- வரியில் மிச்சம் (30,000 டாலரில் 6%): 1,800
- மொத்தப் பயன்: 31,800

நேரடி விற்பனை:
- விற்பனை விலை: 36,000
- மூன்று மாதப் படகுத்துறை வாடகை: 1,200
- காப்பீடு: 300
- பழுதும் தூய்மையும்: 1,500
- விளம்பரம்: 100
- மொத்தப் பயன்: 32,900

முதலில் 6,000 டாலராகத் தோன்றிய வேறுபாடு 1,100 டாலராகக் குறைந்துவிட்டது. மேலும் இரண்டரை மாதம் படகு விற்காமல் நின்றால் அதுவும் கரைந்துவிடும். இதே கணக்கைக் கலிபோர்னியாவில் போட்டால் வரி மிச்சம் இராது. வேறுபாடு 2,900 டாலராக உயரும். பழைய படகை விற்றுவிட்டுப் புதியது எதுவும் வாங்காதவருக்கும் வரி மிச்சம் என்ற பேச்சே இல்லை.

கடன் நிலுவை

படகுக் கடன்கள் 10 முதல் 20 ஆண்டுகள் வரை நீளக்கூடியவை. தொடக்க ஆண்டுகளில் அசல் மெதுவாகக் குறையும்; படகின் மதிப்போ விரைவாகக் குறையும். இதனால் படகின் மதிப்பைவிட நிலுவைக் கடன் கூடுதலாக இருக்கும் நிலை ஏற்படலாம்.

எடுத்துக்காட்டாக, 30,000 டாலர் மதிப்புள்ள படகின்மேல் 35,000 டாலர் கடன் இருக்கலாம். நேரடியாக விற்பவர் 5,000 டாலரைக் கையிலிருந்து கட்டினால்தான் கடன் கொடுத்தவர் படகின்மேல் உள்ள உரிமையை விடுவிப்பார். விற்பனையகத்தில், கடன் கொடுக்கும் நிறுவனம் இசைந்தால், இத்தொகையைப் புதிய கடனுடன் சேர்த்துவிடுவதுண்டு. இது எளிதாகத் தோன்றினாலும், கையில் இல்லாத படகுக்காகப் பல ஆண்டுகள் வட்டி கட்டுவதாகவே முடியும். குடும்பம் ஒன்றின் வருவாய் குறையும் காலத்தில், விற்றும் தீராத கடனாக இது நின்றுவிடக்கூடும்.

இடைப்பட்ட வழிகள்

தரகர் வழி விற்பனை: தரகர் விளம்பரம், பேச்சு, ஆவணம் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்வார். தரகு பெரும்பாலும் விற்பனை விலையில் 10% அளவில் இருக்கும். கலிபோர்னியா, புளோரிடா ஆகிய மாநிலங்களில் பெரிய பொழுதுபோக்குக் கலங்களுக்கான தரகர்கள் உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

ஒப்படைப்பு விற்பனை: படகு விற்பனையகத்தின் இடத்தில் நிற்கும், உரிமை பழைய உரிமையாளரிடமே இருக்கும். விற்ற பின் ஒரு பகுதியை விற்பனையகம் எடுத்துக்கொள்ளும். விற்பனையகம் நொடித்துப்போனால் பணத்தையோ படகையோ மீட்பது கடினமாகலாம். எனவே பணம் எந்தக் கணக்கில் சேரும், எத்தனை நாளில் தரப்படும் என்பவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

காலமும் சந்தையும்

குளிர்ப் பகுதிகளில் வசந்த காலமே விற்பனைக்கு ஏற்றது. இலையுதிர் காலத்தில் விற்க வருபவர் குளிர்காலச் செலவை அஞ்சிக் குறைந்த விலைக்கு இணங்க நேரிடும்.

2020 ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் படகுகளுக்கான தேவை பெருகியது. புதிய படகுகளின் வரத்து தேவைக்கு ஈடுகொடுக்காததால் பழைய படகுகளின் விலையும் உயர்ந்தது. 2022 முதல் வட்டி வீதம் உயர்ந்தபின் இத்தேவை தணிந்தது. உயர்ந்த விலையில் கடனுக்கு வாங்கியவர்களே மேற்கூறிய நிலுவைச் சிக்கலுக்குக் கூடுதலாக ஆளாகக்கூடியவர்கள் ஆவர்.

தெரிவு

மாற்றுமுறை விற்பனை பொதுவாகப் பொருந்துவது:
- புதிய படகை உடனே வாங்க இருப்பவருக்கு
- வரிக்கழிவு உள்ள மாநிலத்தில் வாழ்பவருக்கு
- படகை நிறுத்தி வைக்க மிகுந்த செலவாகும் இடங்களில்

நேரடி விற்பனை பொதுவாகப் பொருந்துவது:
- புதிய படகு வாங்காதவருக்கு
- வீட்டிலேயே இழுவை வண்டியில் நிறுத்தக்கூடிய சிறிய படகுக்கு
- கடன் இல்லாத, ஆவணங்கள் சீராக உள்ள, தேவை மிகுந்த வகைப் படகுக்கு

விற்பனையகத்தின் மதிப்பை எழுத்தில் பெற்றுக்கொண்டு, அது செல்லுபடியாகும் காலத்துக்குள் நேரடியாக விற்க முயல்வதும் உண்டு. அம்மதிப்புடன் வரி மிச்சத்தைக் கூட்டி வரும் தொகையே நேரடி விற்பனையில் செலவு போக எஞ்ச வேண்டிய குறைந்த அளவு ஆகும்.

இவற்றையும் பார்க்க

- படகு
- தேய்மானம்
- விற்பனை வரி
- தரகு
- அடமானம்