எல்லாமே குளவியல்ல

தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர் என்ற செய்தி நமது பத்திரிகைகளுக்குப் புதியதல்ல. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. உயிரிழப்பு வரை செல்லும் இந்த ஆபத்தை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் இந்த அச்சத்தின் காரணமாக, கொட்டும் பூச்சியும் கொட்டாத பூச்சியும் ஒருசேர அழிக்கப்படுவது தனியே ஆராயப்பட வேண்டிய விடயமாகும்.

தோட்டங்களில் குளவி என்று பொதுவாக அழைக்கப்படுபவை ஓரினத்தைச் சேர்ந்தவையல்ல. உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறை முகடுகளிலும் ஒற்றை அடையைக் கட்டும் பெருந்தேனீயைச் சிங்களத்தில் பம்பரா என்பர். கடதாசி போன்ற கூட்டைக் கட்டுவது தெபரா எனப்படும் உண்மையான குளவியாகும். காய்ந்த மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டோ இவ்விரண்டிலிருந்தும் வேறானது. தும்பி, சுரும்பு, ஞிமிறு, வண்டு, தேனீ எனப் பல பெயர்களை வழங்கிய மொழி நம்முடையது. திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயம் தேனீயின் பெயரையே (அந்நஹ்ல்) தாங்கியுள்ளது. அவ்வாறிருந்தும் இன்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயரும் ஒரே தண்டனையும் என்றாகிவிட்டது.

மகரந்தச் சேர்க்கை பற்றிய மேலைநாட்டு நூல்களில் முதலிடம் பெறுவது பம்பிள்பீ எனப்படும் உரோமம் அடர்ந்த பெருவண்டாகும். உலகில் இதில் சுமார் 250 இனங்கள் உள்ளன. பறக்கும் தசைகளை நடுங்கச் செய்து உடலைச் சூடாக்கிக்கொள்ள வல்லதாகையால், ஏனைய தேனீக்கள் முடங்கிக் கிடக்கும் குளிரிலும் இது மலர்களை நாடிச் செல்கிறது. இமயமலைச் சரிவுகளில் காணப்படும் இவ்வினம் இலங்கைக்கு உரியதன்று.

இதன் சிறப்பு அதிர்வில் தங்கியுள்ளது. தக்காளி, கத்தரி ஆகியவற்றின் மகரந்தம் குழாய் போன்ற மகரந்தப் பைகளுள் அடைபட்டிருக்கும். வண்டு அப்பையைக் கவ்விப் பிடித்து, சிறகை விரிக்காமலே மார்புத் தசைகளை அதிரச் செய்யும்போது, உப்புக் குப்பியிலிருந்து உப்பு உதிர்வது போல் மகரந்தம் கொட்டுகிறது. தேன் தரும் சாதாரணத் தேனீயால் இது இயலாது. இதனாலேயே 1987ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் பம்பிள்பீ வளர்ப்பு வணிகமாகத் தொடங்கி, கண்ணாடிக் கூடாரத் தக்காளிச் செய்கையில் உலகெங்கும் பரவியது.

நமது நாட்டில் இப்பணியைச் செய்வோர் யாவர்? கருவண்டும், வயிற்றில் நீல வரிகள் கொண்ட சிறு தேனீயும், மண்ணில் வளை தோண்டித் தனித்து வாழும் வேறு சில இனங்களுமே. இலங்கையில் பதிவாகியுள்ள தேனீ இனங்கள் 150 அளவிலாகும். அவற்றுட் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்பவையல்ல; காக்க வேண்டிய பெருங்கூடு இல்லாமையால் மனிதரைத் தாக்க வருபவையுமல்ல. ஆண் கருவண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டு கையில் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவது அரிது. கொடித்தோடையின் பெரிய மலருக்கு ஏற்ற உடலளவு கொண்டதும் இந்தக் கருவண்டே.

தேயிலையில் இலையும் இறப்பரில் பாலுமே வருமானம். எனவே மகரந்தச் சேர்க்கையின் பெறுமதி தோட்டக் கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை. ஆனால், லயன் அறைகளின் பின்புறத்தில் தொழிலாளி வளர்க்கும் கத்தரியும் பூசணியும் பாகலும் இப்பூச்சிகளை நம்பியே காய்க்கின்றன. குறைந்த வேதனத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்தக் காய்கறி சிறிய விடயமன்று. சிங்கராஜ வனத்தை அண்டிய இறக்குவானைப் பகுதியில் காட்டு மரங்கள் பலவும் தேனீக்களாலேயே விதை கொள்கின்றன.

காய்ந்த மரங்களை முற்றாக அகற்றுவதும், பூக்கும் களைகளை நாசினியால் ஒழிப்பதும், கூடுகளுக்குக் கண்டபடி தீயிடுவதும் இவற்றின் வாழ்விடத்தைச் சுருக்குகின்றன. இழந்ததை இறக்குமதியால் ஈடுசெய்யலாம் எனக் கருதுவதும் தவறாகும். ஐரோப்பிய பம்பிள்பீயை 1990களின் பிற்பகுதியில் வரவழைத்த சிலி நாட்டில், அது பரவிய இடங்களிலெல்லாம் அங்கு இயற்கையாக வாழ்ந்துவந்த பெரிய செம்மஞ்சள் வண்டினம் அருகிப்போனது.

அதேவேளை, தேனீயைக் காப்பதன் பெயரால் தொழிலாளியைப் பலியிட முடியாது. மலைக்கு ஆட்களை அனுப்பும் முன் அங்குள்ள மரங்களைப் பார்வையிடுவதும், வேலைத்தலத்துக்கு அருகிலுள்ள பெருங்கூடுகளைப் பயிற்சி பெற்றோரைக் கொண்டு அகற்றுவதும், கொட்டுப்பட்டவர்களைத் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வாகனம் வைத்திருப்பதும் நிர்வாகங்களின் கடமையாகும். வேலையின்போது நேரும் விபத்துக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1934 முதல் இந்நாட்டில் உள்ளது என்பதைத் தொழிற்சங்கங்கள் தொழிலாளருக்கு எடுத்துரைக்க வேண்டும். தேனீ கொட்டிய இடத்திலிருந்து பரவும் வாசனை ஏனையவற்றையும் தாக்குதலுக்கு அழைக்கும். ஆதலால் கைகளை வீசி விரட்டாமல், முகத்தை மூடிக்கொண்டு விரைவாக விலகிச் சென்று, பின்னர் தைத்த கொடுக்கை உடனே அகற்றுதல் வேண்டும்.

அஞ்ச வேண்டியதை அடையாளங்கண்டு அஞ்சுவதே அறிவுடைமை. வேலியோரத்தில் ஒரு பட்ட மரத்தையும் சில பூச்செடிகளையும் விட்டுவைப்பதற்குச் செலவு எதுவுமில்லை. கத்தரிப் பூவில் இரைந்துகொண்டிருக்கும் கருவண்டை நோக்கிக் கல்லெடுக்கும் சிறுவனிடம், அது குளவியல்ல என்று சொல்வதிலிருந்து நாம் தொடங்கலாம்.