வளர்ப்புப் பிராணிகளும் மனிதர் நோய்களும்

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையை ஒட்டி அமைந்துள்ள சாலைக் கடைத்தெரு, திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசரின் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானதாகும். அரிசி, பருப்பு, மிளகு, மஞ்சள், வெல்லம் என மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்திறங்கும் இத்தெருவில், தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தி வருகின்றன. தானியம் குவிந்த இடத்தை எலி தேடி வருகிறது. எலியை அடக்கக் கடைக்காரர் பூனைக்கு இடமளிக்கிறார். மிச்சமீதியை நம்பி நாயும் வாசலில் படுத்துக்கொள்கிறது. இவ்வாறு மனிதரோடு ஒட்டி வாழும் விலங்குகளின் நோய் மனிதரைப் பற்றுமா, மனிதரின் நோய் அவற்றைப் பற்றுமா என்பது பலருக்கும் எழும் ஐயம்.

பற்றும், ஆனால் எல்லா நோயும் பற்றாது. நாய்க்குட்டிகளைக் கொல்லும் டிஸ்டெம்பர், பார்வோ போன்ற வைரஸ் நோய்கள் மனிதருக்கு வருவதில்லை. ஒரு வைரஸ் உடலின் உயிரணுவுக்குள் நுழைவதற்கு அதற்கேற்ற வாயில் அவ்வுயிரணுவின் மேற்பரப்பில் இருக்க வேண்டும். அவ்வாயில் இனத்துக்கு இனம் வேறுபடுவதே பெரும்பாலான நோய்கள் ஓரினத்தோடு நின்றுவிடுவதற்கு முக்கியமான காரணமாகும். இந்த எல்லையை மதியாத நோய்களே கவனத்திற்குரியவை. அவற்றுள் முதலிடம் பெறுவது வெறிநோய்.

வெறிநோய் வைரஸ் விலங்கின் உமிழ்நீரில் வெளிப்படுகிறது. கடியின் வழியாகவோ, நகக்கீறலின் வழியாகவோ, புண்பட்ட தோலை நக்குவதாலோ அது உடலில் புகுந்து, நரம்பு வழியே மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. இப்பயணத்திற்குச் சில நாட்களோ, சில வாரங்களோ, சில வேளைகளில் பல மாதங்களோ ஆகலாம். மூளையை அடைந்து நோய்க்குறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. கடிபட்ட இடம் தலைக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ அவ்வளவு குறைகிறது மருத்துவத்திற்குக் கிடைக்கும் அவகாசம். 2025 ஏப்ரல், மே மாதங்களில், தடுப்பூசி போடத் தொடங்கிய பின்னரும் கேரளத்தில் சில குழந்தைகள் இந்நோயால் இறந்தது மாநிலம் முழுவதையும் கலங்கச் செய்தது.

தெருநாய் கடித்தால் மருத்துவமனைக்கு ஓடுபவர்கள், வீட்டுக் குட்டியின் பல் பட்டாலோ கடைப்பூனையின் நகம் கீறினாலோ பொருட்படுத்துவதில்லை. ‘நம் வீட்டு நாய்தானே’ என்ற நம்பிக்கையை வைரஸ் அறியாது. நோய்க்குறி தென்படுவதற்குச் சில நாட்கள் முன்னரே நாயின் உமிழ்நீரில் வைரஸ் இருக்கக்கூடும். கடித்த நாயையோ பூனையையோ பத்து நாட்கள் கண்காணிக்கச் சொல்வது இதனால்தான். அக்காலம் முடியட்டும் என்று காத்திராமல், ஊசியை உடனே தொடங்கிவிட வேண்டும் என்பதே மருத்துவ விதி.

முதல் மருந்து சோப்பும் நீருமே. இவ்வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைச் சிதைக்கிறது. ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவ வேண்டும். மாறாக, மஞ்சள்தூளையோ மிளகாய்த்தூளையோ அப்பும் பழக்கம் புண்ணை மேலும் கிளறித் தீமையே செய்கிறது. நறுமணப் பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள கடைத்தெருவில் இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும்.

ஊசியைப் பற்றிய அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. தென்னிந்தியாவில் கடிபட்டவர்கள் ஒரு காலத்தில் இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை செல்ல வேண்டியிருந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றிய பின்னரே இத்தொல்லை தீர்ந்தது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தை வயிற்றில் நாள்தோறும் செலுத்தும் முறை பல பத்தாண்டுகள் நீடித்தது. 2004ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அம்மருந்தின் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் கையின் தோலினுள் சிறிதளவு மருந்து நான்கு முறை செலுத்தப்படுகிறது: முதல் நாளிலும், அதன்பின் 3, 7, 28 ஆகிய நாட்களிலும். இரத்தம் கசியும் காயமாயின் எதிர்ப்புரதமும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படுகிறது; ஊசி தன் வேலையைத் தொடங்கும் வரை காப்பது இதுவே. ஆயினும் ‘வயிற்றில் பதினான்கு ஊசி’ என்ற பழைய அச்சம் இன்னும் சிலரைத் தயங்க வைக்கிறது.

கடியின்றியே பரவுவது எலிக்காய்ச்சல். இதற்குக் காரணமான லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிர் எலியின் சிறுநீரோடு வெளியேறி, தேங்கிய நீரில் உயிர் வாழ்ந்து, காலின் சிறு வெடிப்பு வழியாகவும் உடலில் புகும். நாயும் இந்நோய்க்கு ஆளாகித் தன் சிறுநீரால் அதைப் பரப்பக்கூடும். நாய்க்கு ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் இதற்கான மருந்தும் சேர்ந்துள்ளது. 2018 வெள்ளத்தை அடுத்துக் கேரளத்தில் இக்காய்ச்சல் பலரைப் பலிகொண்டது. சேற்றில் இறங்குவோருக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை வழங்கப்பட்டது. கனமழையில் தம்பானூரும் கிழக்கே கோட்டையும் நீரில் மூழ்கியதால் 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் வடிகால்கள் சீரமைக்கப்பட்டதை இங்கு நினைவுகூரலாம். வடிகால் பணி போக்குவரத்துக்கு மட்டுமன்றிப் பொதுச் சுகாதாரத்திற்கும் உரியது.

பூனையின் மலத்தில் வெளிப்படும் டாக்ஸோபிளாஸ்மா கருவுற்ற பெண்களின் சிசுவைப் பாதிக்கக்கூடும். ஆனால் அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆவதால், மலத்தை அன்றாடம் அப்புறப்படுத்தினால் ஆபத்து பெரிதும் குறைந்துவிடும். அவ்வேலையை வேறொருவர் செய்வது நல்லது. பூனையை விரட்டத் தேவையில்லை. படர்தாமரை இருபுறமும் ஒட்டும் எளிய தோல் நோய்.

எதிர்த்திசைப் பயணம் பலர் அறியாதது. 2021 ஜூன் மாதத்தில் சென்னையை அடுத்த வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குக் கோவிட் தொற்று கண்டது, சில இறந்தன. கூண்டில் வாழும் விலங்குக்கு மனிதரைத் தவிர வேறெவரிடமிருந்து அது வந்திருக்கக்கூடும்? வளர்ப்பு யானைகளுக்குக் காசநோய் மனிதரிடமிருந்து வருவதும் அறியப்பட்ட செய்தியே. நோயுற்றவர் தம் பூனையை மடியில் வைத்துக்கொள்ளாதிருப்பது பூனைக்குச் செய்யும் உதவியாகும்.

நிர்வாகத்தில் ஓர் இடைவெளி காணப்படுகிறது. திருவனந்தபுரம் மாவட்டம் அடிமலத்துறைக் கடற்கரையில் 2021இல் ப்ரூணோ என்னும் வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டதை அடுத்து, கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, வளர்ப்புப் பிராணிகளின் உரிமையாளர்கள் உள்ளாட்சி அமைப்புகளில் பதிவு செய்துகொள்ள வழிவகுத்தது. தடுப்பூசிச் சான்றின்றி உரிமம் இல்லை என்ற நிலை நல்லதே. ஆயின் கடைப்பூனைக்கு உரிமையாளர் யார்? சோறிடுபவர் ஒருவர், இடமளிப்பவர் ஒருவர். பதிவேட்டில் பெயர் எழுத எவரும் முன்வருவதில்லை. வீட்டு விலங்குமன்று, தெரு விலங்குமன்று என்ற நிலையில் அது இரு கணக்கிலும் விடுபடுகிறது. மனிதரைக் கடித்தால் சுகாதாரத் துறையும், தானே நோயுற்றால் கால்நடைத் துறையும் அதை அறிகின்றன. இரண்டிற்கும் முன்னதாக அதை அறியும் பொறுப்பு வணிகர் சங்கத்திடமும் மாநகராட்சியிடமும் சேர்ந்தே இருக்க முடியும். ஒவ்வொரு கடையிலும் உலவும் பூனை, நாய்களைக் கணக்கெடுத்து, ஆண்டுக்கொரு நாள் குறித்துக் கால்நடை மருத்துவரைத் தெருவிற்கே அழைக்கலாம். காலையில் கடை திறந்து முதல் சோறு வைக்கும் நேரமே அதற்கு ஏற்றது. அதன்பின் பூனை மூட்டைகளுக்கிடையில் மறைந்துவிடும்.