தலையும் முகமும்: கண்டி வீதிகளில் இருசில்லு ஊர்திகளால் நேரும் காயங்கள்

மலை என்னும் பொருள்தரும் 'கந்த' என்ற சிங்களச் சொல்லினடியாகப் பிறந்ததே கண்டி என்னும் பெயர். நகரின் நடுவே வாவி. அதனைச் சூழக் குன்றுகள். அம்பிட்டியவிலிருந்தோ ஹந்தானையிலிருந்தோ நகருக்குள் வருவோன் இறங்கியே வரல் வேண்டும். மேற்கே கொழும்பு நோக்கிச் செல்வோன் கடுகண்ணாவைக் கணவாயினூடே கீழிறங்குவான். கிழக்கே மகியங்கனைக்குச் செல்வோன் பதினெட்டு வளைவுகளைச் சுற்றிச் சுற்றி இறங்குவான். யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் துவிச்சக்கரவண்டி பெற்ற பெருவழக்கைக் கண்டியில் அது பெறாமைக்கு இந்நிலவமைப்பே காரணமாகும். எனினும், 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது ஏறாத ஏற்றங்களிலும் அது ஏறத் தொடங்கிற்று. மோட்டார் சைக்கிளோ ஏற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆதலின் தோட்டத்து லயன்களிலும் நகரத்து ஒழுங்கைகளிலும் அது குடும்ப ஊர்தியாகிவிட்டது.

ஏற்றத்தில் மிதிப்பவனுக்கு மூச்சு வாங்கும். இறக்கத்தில் மிதியாமலே வேகம் வந்துவிடும். காற்றின் தடையையும் உராய்வையும் நீக்கிக் கணக்கிடின், 10 மீற்றர் உயரம் இறங்கிய வண்டி மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வேகத்தை எய்தும். மழைக்காலத்து ஈரவீதியில் தடுப்பை அழுத்தியவுடன் சில்லு வழுக்கினால் நேர்வது யாதென்பதைக் கூறவேண்டுவதில்லை.

ஆயினும், வேகமாகச் செல்வோனுக்கே ஆபத்து, மெல்லச் செல்வோனுக்கு அச்சமில்லை எனக் கருதுதல் பெரும்பிழையாகும். அசையாது நிற்கும் வண்டியிலிருந்து சரிந்து விழுபவனின் தலையும் ஏறக்குறைய 1.7 மீற்றர் உயரத்திலிருந்து விழுகின்றது. தங்குதடையின்றி விழின், தார்வீதியை முட்டும் கணத்தில் அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். இவ்வேகம் எத்துணைத் தூரத்துள் அழிகின்றது என்பதே இங்கு நோக்கற்பாலது. விழுந்த உயரத்தை, முட்டியபின் நிற்பதற்கு எடுத்த தூரத்தால் வகுத்தால், தலை தாங்கும் சராசரி அமர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் எத்தனை மடங்கு என்னும் விடை கிடைக்கும். வெறுந்தலை 3 மில்லிமீற்றர் தூரத்தில் நின்றுவிடுவதாகக் கொண்டால் அது 560 மடங்குக்கு மேலாகும். தலைக்கவசத்தின் உட்புறத்து நுரைப்படை 25 மில்லிமீற்றர் நசுங்கி இடங்கொடுக்குமாயின் 68 மடங்காகக் குறையும். எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய இவ்வகுத்தற் கணக்கே தலைக்கவசத்தின் தத்துவம் முழுவதும். பளபளக்கும் வெளியோடு அடியைப் பரப்பிவிடுகின்றது; உயிரைக் காப்பது உள்ளேயிருக்கும் பொலிஸ்டைரீன் நுரையே. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் பழைய நிலையை அடையாது. ஆதலின் விபத்தொன்றிற் பட்ட கவசம், வெளியே கீறலில்லாவிடினும், கழித்துவிடத்தக்கதே.

மண்டையோட்டினுள் மூளை நீர்மத்தில் மிதந்துகொண்டிருக்கின்றது. ஓடு சட்டென நின்றதும் மூளை தன் போக்கில் முன்சென்று மோதும். பின் எதிர்ப்பக்கத்திலும் மோதும். நெற்றியில் அடிபட்டவனுக்குப் பிடரிப்புறத்து மூளை கன்றிப்போவதும் இதனாலேயே. தலை திருகுண்டு சுழலுமாயின், மூளையின் நரம்பிழைகள் அறுபட்டு, ஓடு உடையாமலே நீங்காத மயக்கம் நேரிடலாம்.

இவற்றினும் வஞ்சகமானது ஒன்றுண்டு. கன்னப்பொறியின் எலும்பு மிக மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு நாடி ஓடுகின்றது. எலும்பு வெடித்து அந்நாடி கிழிந்தால், ஓட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே குருதி தேங்கத் தொடங்கும். அடிபட்டவன் சிறிது மயங்கி, உடனே தெளிகின்றான். எழுந்து வண்டியை நிமிர்த்துகின்றான். கூடிநின்றோர் வாங்கிக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று வீடு செல்கின்றான். சில மணி நேரத்தின் பின் தலையிடி, வாந்தி, தூக்கம். களைத்துத் தூங்குகிறான் என வீட்டார் வாளாவிருப்பர். கண்மணிகளுள் ஒன்று விரிவதை அறிந்து அவர்கள் பதறும்போது காலங் கடந்திருக்கும். காலத்தோடு கொண்டுசென்றால், ஓட்டைத் திறந்து அக்குருதியை அகற்றுவதனால் முற்றாகக் குணமடையக் கூடியவனே அவன். தெளிவாகப் பேசிய அந்த இடைவேளையே அவனை ஏமாற்றுகின்றது.

இதனாலன்றோ மயக்கத்தை வாய்ச்சொல்லால் விவரிப்பதை விடுத்து எண்ணால் அளக்க மருத்துவர் முற்பட்டனர்! 1974இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இருவர், கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் புள்ளியிட்டு 3 முதல் 15 வரையுள்ள ஓர் அளவுகோலை வகுத்தனர். ஒரு மணி நேரத்தின் முன் 15 பெற்றவன் இப்போது 13 எனின், அவ்வீழ்ச்சியே எச்சரிக்கையாகும். தூரத்துத் தோட்டங்களிலிருந்து கண்டித் தேசிய வைத்தியசாலைக்கு வருவதற்குள் கழியும் நேரமே இக்காயத்தின் முதற் பகை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த '1990' நோயாளர் ஊர்திச் சேவை அப்பகையைச் சிறிது தளர்த்தியுள்ளது.

தலைக்கவசம் என்னும் கருத்து மருத்துவ உலகில் வேரூன்றுதற்கு ஒரு மரணம் ஏதுவாயிற்று. அராபிய நாட்டுப் போரால் புகழ்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ் 1935 மே 13ஆந் திகதி இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில் தம் மோட்டார் சைக்கிளிற் சென்றபோது, எதிர்ப்பட்ட துவிச்சக்கரவண்டிச் சிறுவர் இருவரைத் தவிர்க்கத் திருப்பி, தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் மயங்கிக் கிடந்து 19ஆந் திகதி இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவருள் ஹியூ கேர்ண்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருவர். போர் தொடங்கிய பின், விளக்கணைத்த வீதிகளில் மோட்டார் சைக்கிளோட்டிகள் மாள்வதை அவர் எண்ணிப் பார்த்தார். முதல் 21 மாதத்தில் மட்டும் பிரித்தானிய வீதிகளில் இறந்தோர் 2,279 பேர். 1941இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் கவசம் அணிந்து விபத்துக்குள்ளானோராக அவர் காட்டக்கூடியவராயிருந்தோர் எழுவரே. எனினும் அவ்வாண்டு நவம்பரிலேயே கடமையிலுள்ள படைவீரர் கவசமணிதல் கட்டாயமாக்கப்பட்டது. பொதுமக்களுக்கு அவ்விதி பிரித்தானியாவில் வந்ததோ 1973இலேயாம். அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் 1961இலேயே முந்திக்கொண்டது. பல நாட்டு ஆய்வுகளை ஒருங்குசேர்த்து 2008இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பீடு, மோட்டார் சைக்கிளோட்டிகளிடையே கவசம் இறப்பை நூற்றுக்கு 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைப்பதாகக் கணித்தது.

இலங்கையிலும் ஓட்டுவோரும் பின்னிருப்போரும் தலைக்கவசம் அணிதல் வேண்டுமென்பது சட்டம். துவிச்சக்கரவண்டிக்கோ அத்தகைய கட்டாயமில்லை. சட்டம் எங்ஙனம் பேணப்படுகின்றது என்பதை எவரும் ஒரு காலைப்பொழுதில் வீதியோரத்தில் நின்று காணலாம். பொலிசார் நிற்கும் சந்தி அண்மித்ததும் முழங்கையிற் தொங்கிய கவசம் தலைக்கேறுகின்றது. நாடிப்பட்டியோ காற்றில் ஆடுகின்றது. பட்டி பூட்டாத கவசம், விழும்போது தலைக்கு முன்னே பறந்து சென்று வேறோரிடத்தில் விழும். தந்தைக்கும் தாய்க்கும் கவசமிருக்க, இருவருக்குமிடையே பள்ளிச் சீருடையிலிருக்கும் குழந்தை வெறுந்தலையோடு செல்வது எந்த நியாயத்தின்பாற்படும்?

தலையைக் காத்தவுடன் முகமும் காக்கப்பட்டதாகாது. துவிச்சக்கரவண்டிக் கவசம் நெற்றிக்கும் நடுமுகத்துக்கும் ஓரளவு காப்புத் தருமாயினும் கீழ்த்தாடையை அது காப்பதில்லை. மோட்டார் சைக்கிளோட்டிகள் அணியும் திறந்தமுகக் கவசத்தின் நிலையும் அதுவே. கைப்பிடியைத் தாண்டி முன்னே விழுபவனுக்கு வீதியை முதலில் தொடுவன மூக்கும் பல்லும் நாடியுமன்றோ! 1901இல் பிரான்சு நாட்டு ரெனே லெ போர் என்பார் பிணங்களின் தலைகளைப் பலவாறு மோதச் செய்து, நடுமுக எலும்புகள் மூவகைக் கோடுகளில் உடைகின்றன எனக் கண்டார். முதலாவதிற் பல்வரிசையைத் தாங்கும் மேலெலும்பு தனியே கழலும். இரண்டாவதில் மூக்கடியோடு கோபுர வடிவாய்ப் பிரியும். மூன்றாவதில் முகம் முழுவதுமே மண்டையோட்டிலிருந்து விலகும். இம்முறிவுகளில் உடனடியாகக் கொல்வது எலும்பன்று. தொண்டையில் இறங்கும் குருதியும், தாடை உடைந்ததாற் பின்சரியும் நாவுமே. இத்தகையோரை மல்லாக்கக் கிடத்துவதே நம்மவர் வழக்கம். கழுத்தெலும்பும் உடைந்திருக்கக் கூடுமாதலால், தலையையும் கழுத்தையும் உடலோடு நேர்கோட்டிற் பிடித்தபடி ஒருக்களித்துக் கிடத்தல் வேண்டும்.

உடைந்த தாடையைச் சேர்க்கும் மருத்துவனுக்கு வழிகாட்டி எது? மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போலப் பொருந்துதலே. ஆதலினாலேயே தாடைமுகச் சத்திரசிகிச்சை பல்வைத்தியத்தோடு பிணைந்து வளர்ந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பல்வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் அருகிலிருத்தல் கண்டி மக்களுக்கு வாய்த்த நற்பேறு. விழுந்த பல்லைக்கூட எறிதலாகாது. நிலைத்த பல்லாயின், வேரைத் தொடாது முடியைப் பிடித்துப் பாலிலிட்டு ஒரு மணி நேரத்துள் கொண்டுசெல்லின், மீண்டும் பதிக்க இயலும்.

நாடியையும் மூடும் முழுமுகக் கவசம் இங்கு ஒரு வழக்குக்கே இடமாயிற்று. முகத்தை மறைத்துக் கொள்ளையும் கொலையும் புரிவோர்க்கு அது துணையாகின்றதெனக் கூறி, 2015இல் பொலிசார் அதனைத் தடைசெய்ய முற்பட்டனர். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவினால் அம்முயற்சியை நிறுத்திற்று. குற்றவாளியைக் காணவேண்டுமென்ற பொலிசாரின் கவலை பொய்யன்று. ஆயினும், நாடிக்கு முன்னுள்ள அந்த ஒரு பட்டையை நீக்கும்படி கேட்பது, எல்லா ஓட்டிகளின் தாடையையும் பிணையாகக் கேட்பதாகும்.

தாடை குதிரைலாட வடிவினது. அதன் இரு நுனிகளும் காதுகளின் முன்னே மூட்டாகப் பொருந்தியுள்ளன. நாடியில் விழும் அடி அங்கேயே நின்றுவிடாது மேலேறி, மூட்டுக் கழுத்துகளை முறிக்கும். அணிவகுப்பில் நெடுநேரம் நின்று மயங்கி முகங்குப்புற விழும் படைவீரரிடம் காணப்பட்டமையின், ஆங்கிலேயர் இதற்குக் காவல்வீரன் முறிவு எனப் பெயரிட்டனர். சிறுவரிடத்தில் இது பெருந்துன்பமாய் முடியக்கூடும். வண்டியிலிருந்து விழுந்த பிள்ளையின் நாடி கிழிகின்றது. இரண்டு தையலிட்டுக் கட்டுப்போட்டு அனுப்புகின்றனர். காதின் முன்னே தொட்டுப் பார்ப்பார் இல்லை. முறிந்த மூட்டு சிற்சிலருக்கு எலும்போடு எலும்பாய் ஒட்டிவிடுகின்றது. மாதங்கள் செல்ல வாய் சிறிது சிறிதாகத் திறக்க மறுக்கும். தாடை வளர்ச்சி குன்றி முகம் ஒருபுறம் கோணும். வாய் திறக்கமாட்டாத சிறுவன் ஒருவன் வரும்போது, அனுபவமிக்க மருத்துவர் முதலில் அவன் முகத்தை நிமிர்த்தி, நாடியின் கீழே பழைய தழும்பொன்று உண்டோவெனத் தேடுவர்.