சட்டைப்பையில் அடங்கும் பேரொளி

டார்ச் விளக்கு வடசென்னை மக்களுக்குப் புதிய பொருள் அன்று. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எவரெடி பாட்டரித் தொழிற்சாலை பல்லாண்டுக் காலம் இயங்கி வந்ததை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். இன்று அங்கே பாட்டரி செய்யப்படுவதில்லை. ஆயினும் கைவிளக்கு இல்லாத வீடு இப்பகுதியில் அரிது. எண்ணூர் வட்டாரத்தில் அனல்மின் நிலையத்தை வைத்துக்கொண்டு இருளுக்கு அஞ்சுவானேன் என்று வெளியூர் அன்பர்கள் வினவக்கூடும். 2016 டிசம்பரில் வர்தா புயலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வீசியபின் இருளில் கிடந்தவர்களைக் கேட்டால் விடை கிடைக்கும்.

நம் தந்தையர் பயன்படுத்திய விளக்கு இரண்டு பாட்டரிக் கட்டைகள் கொண்டது. அது தந்த மஞ்சள் வெளிச்சம் வாசற்படியையும் கிணற்றடியையும் காட்டப் போதுமானது. மறந்து உள்ளேயே விட்டுவிட்டால் கட்டை கசிந்து தகரம் துருப்பிடிக்கும். அதனால் விளைந்த தீங்கு பெரும்பாலும் அவ்வளவே. இன்று இளைஞர்கள் சட்டைப்பையில் செருகிச் செல்லும் விளக்கோ வேறு இனத்தைச் சேர்ந்தது. ஒரு சாண் நீளங்கூட இல்லாத அது 1000 லூமென் ஒளியைப் பாய்ச்சுகிறது. முன்னாளில் கூடம் முழுமைக்கும் வெளிச்சம் தந்த 60 வாட் குண்டு பல்பின் ஒளி ஏறக்குறைய 700 லூமென்தான். அதனினும் மிகுந்த ஒளியை ஒரே திசையில் குவித்து ஒரு சிறுவன் கையில் கொடுத்துவிடுகிறோம்.

இந்த ஆற்றல் லித்தியம் அயனிப் பாட்டரியிலிருந்து வருகிறது. 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையதாதலால் அதற்கு 18650 என்று பெயர். பழைய கட்டையைப் போல் இது தன் சக்தியை மெல்ல மெல்லத்தான் கொடுக்கும் என்பதில்லை. இரு முனைகளையும் ஓர் உலோகத்துண்டு இணைத்துவிட்டால் உள்ளே உள்ள அனைத்தையும் கணப்பொழுதில் கொட்டிவிடும். மாற்றுப் பாட்டரியைச் சாவிக்கொத்தோடும் சில்லறைக் காசோடும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வேலைக்குச் செல்லும் வழக்கம் துறைமுகத் தொழிலாளரிடையே உண்டு. காற்சட்டைப் பையிலேயே தீப்பற்றித் தொடை வெந்துபோக இது ஒன்றே போதும். மலிவான பிளாஸ்டிக் உறை ஒன்றில் இட்டு வைத்தால் அந்த ஆபத்து இல்லை.

விளக்கே தீ மூட்டுவதும் உண்டு. நம் உறவினர் இல்லத்தில் நடந்ததைக் கூறுவோம். டியூஷன் முடிந்து இரவில் திரும்பும் மகனுக்காகத் தாயார் பள்ளிப்பையில் ஒரு சிறு விளக்கை வைத்திருந்தார். புத்தகங்கள் நெருக்கியதில் பொத்தான் அழுந்தி விளக்கு தானாகவே எரியத் தொடங்கியிருக்கிறது. துணி கருகும் நாற்றம் கண்டு பையை உதறியபோது நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் வட்டமாக ஒரு கருமை! முகப்புக் கண்ணாடியோ தொட முடியாத சூடு. உடனே கண்டுகொண்டதால் பையோடு போயிற்று. இதனைத் தவிர்க்க எளிய வழி உண்டு. பெரும்பாலான விளக்குகளில் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் மின்னோட்டம் அறுபட்டுவிடும். பொத்தான் எவ்வளவு அழுந்தினாலும் எரியாது. வாங்கிய அன்றே இதைச் சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

பாட்டரி வாங்கும்போது மேலுறையில் அச்சிட்ட எண்ணைக் கவனியுங்கள். 18650 அளவில் இதுவரை வந்துள்ள தரமானவை 3500 மில்லிஆம்பியர்-மணி அளவை ஒட்டியே நிற்கின்றன. 9900 என்று பொன்னெழுத்தில் பொறித்து மலிவாக விற்கப்படுவது பொய்ச் சரக்கு. பழைய மடிக்கணினியிலிருந்து பிரித்தெடுத்த கட்டைக்குப் புதுச்சட்டை அணிவித்தும் விற்கின்றனர். கப்பலில் பணிபுரியும் பிள்ளைகள் அயல்நாட்டிலிருந்து வாங்கி வருவதாயின், விமானத்தில் மாற்றுப் பாட்டரியைக் கைப்பையில் மட்டுமே கொண்டுவர வேண்டும் என்பதை எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

மின்னூட்டம் செய்வதிலும் அசட்டை கூடாது. பாட்டரி 4.2 வோல்ட்டை எட்டியதும் சார்ஜர் தானே நிறுத்த வேண்டும். தரமற்ற சார்ஜர் நிறுத்துவதில்லை. படுக்கையின்மேல் வைத்துச் சொருகிவிட்டு உறங்கச் செல்லும் பழக்கத்தை இன்றே விட்டொழியுங்கள். சிமெண்டுத் தரையில், திரைச்சீலைக்கு அப்பால், விழித்திருக்கும் வேளையில் செய்யலாம். உப்பிய பாட்டரியையும், மேலுறை கிழிந்ததையும், கடல்நீர் புகுந்ததையும் மீண்டும் மின்னூட்டுதல் ஆகாது. அவற்றைக் குப்பைத் தொட்டியில் எறிவதும் தவறே. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதனைத் தடுக்கின்றன. கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் தீப்பிடித்த நாட்களில் அப்புகையைச் சுவாசித்தவர்கள் நாமே. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே முறை.

இனிக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. விளையாட்டாகத் தம்பியின் முகத்தில் விளக்கடிக்கும் பிள்ளையைச் சிரித்துக்கொண்டு பார்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. குவிந்த வெள்ளொளியை அருகிலிருந்து உற்றுநோக்குவது விழித்திரைக்கு ஊறு விளைவிக்கக்கூடும். இருளுக்குப் பழகிய கண்ணில் ஒருமுறை பேரொளி பட்டுவிட்டால், பழைய பார்வை முழுமையாகத் திரும்ப 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டி வருபவரின் கண்ணை அரை நொடி மறைத்தாலும் விளைவு என்னவாகும்?

காசிமேட்டிலிருந்து விடியுமுன் படகேறுவோர் இதனை நம்மினும் நன்கறிவர். கடலில் ஒளியைப் பயன்படுத்துவதற்குச் சட்டமே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 36ஆம் விதி, ஆபத்து இருக்கும் திசையை ஒளிக்கற்றையால் சுட்டிக்காட்டலாம், ஆனால் வேறு கலத்தைக் குழப்பலாகாது என்கிறது. விட்டுவிட்டு வெட்டி மின்னும் கடுமையான ஒளியையும் தவிர்க்கச் சொல்கிறது. இக்காலக் கைவிளக்குகளில் அந்த வெட்டொளிக்கென்றே ஒரு நிலை இருக்கிறது. வேடிக்கைக்காக அதைக் கடலை நோக்கி இயக்குவது நல்லதன்று. உண்மையில் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் மும்முறை குறுகலாக, மும்முறை நீளமாக, மீண்டும் மும்முறை குறுகலாக ஒளியைக் காட்டுவதே எந்நாட்டு மாலுமியும் அறிந்த அபயக்குறி. மீனவ இல்லங்களில் பிள்ளைகளுக்கும் இதைக் கற்பிக்கலாம்.

நம் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று எஞ்சியுள்ளது. மணலி சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் சாதாரணக் கைவிளக்கை எடுத்துச் செல்ல ஒப்புவதில்லை. தீப்பொறி வெளிப்படாதபடி அமைத்து, நாகபுரியில் தலைமையகம் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் பெற்ற விளக்குகளே அங்கு ஏற்கப்படும். கடையில் வாங்கும் விளக்கு எத்தனை விலையுயர்ந்ததாயினும் அத்தகையதன்று. அதன் பொத்தானில் எழும் சிறு பொறி எரிவாயுவுக்குப் போதும்.

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் தெருவுக்கு ஓடிவந்தனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய இரவில் கைவிளக்கு பெருந்துணை. மூக்கை ஈரத்துணியால் பொத்தி, ஒளியைப் பிறர் முகத்தில் அடிக்காமல் காலடியில் காட்டி நடந்தால் பின்வருவோர்க்கும் வழி தெரியும். ஆனால் வீட்டுக்குள் சமையல் எரிவாயு நாற்றம் வரும் இரவு வேறு. அது காற்றினும் கனமானது. தரையோடு படிந்து நிற்கும். அப்போது சுவர்ச் சுவிட்சையும் தொடலாகாது, கைவிளக்கின் பொத்தானையும் அழுத்தலாகாது. தடவியேனும் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வீட்டைவிட்டு நன்றாக விலகியபின் விளக்கை எரித்துக்கொண்டு, 1906 என்னும் எரிவாயு அவசர உதவி எண்ணை அழையுங்கள்.