காத்திருந்த கைகள்

1669 அக்டோபர் 4. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வாடகை வீட்டில் 63 வயதான ரெம்ப்ராண்ட் கண்ணை மூடினார். அவரது ஓவியக் கூடத்தில் முடிக்கப்படாத படம் ஒன்று மிஞ்சியிருந்தது. நரைத்த தாடியுடன் ஒரு கிழவர். நீட்டிய முன்கைகளில் ஒரு பச்சைக் குழந்தை. அவ்வளவுதான்.

கிழவர் சிமியோன். லூக்கா நற்செய்தியின் இரண்டாவது அத்தியாயத்தில் சில வசனங்களுக்கு மட்டும் வந்து மறைந்துவிடுகிறவர். மெசியாவைக் காணுமுன் உனக்குச் சாவில்லை என்று தூய ஆவி அவருக்கு வாக்களித்திருந்தது. குழந்தை பிறந்து 40 நாள் கழித்து மரியாவும் யோசேப்பும் ஜெருசலேம் கோவிலுக்கு வருகிறார்கள். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கென்று சட்டம் சலுகை தந்திருந்த காணிக்கை, இரண்டு பறவைகள். அந்த ஏழைக் கூட்டத்தில் அந்தக் குழந்தையை அவர் எப்படி அடையாளம் கண்டார் என்று லூக்கா விவரிப்பதில்லை. வாங்கிக் கையில் ஏந்துகிறார். இனி நிம்மதியாகப் போகலாம் என்று கடவுளிடம் விடைபெறுகிறார். ஆனால் அந்த மகிழ்ச்சியின் நடுவிலேயே தாயிடம் திரும்பி, உன் நெஞ்சை ஒரு வாள் ஊடுருவும் என்றும் சொல்லிவிடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், சிமியோன் கிழவர் என்று லூக்கா எங்குமே சொல்லவில்லை. 84 என்ற எண் அங்கிருந்த அன்னா என்ற கைம்பெண்ணுக்குத்தான். சிமியோனுக்கு நரைக்க வைத்தது பின்வந்தவர்களின் கற்பனை. காத்திருப்பு என்றாலே முதுமைதானே! அவருடைய விடைபெறும் பாடல் கத்தோலிக்கரின் இரவு செபத்திலும், ஆங்கிலிக்க மரபின் மாலை ஆராதனையிலும் இடம்பெற்றுவிட்டது. பிப்ரவரி 2ல் மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாளும் இவர் கதையை ஒட்டியதே. கேரளத்தின் சிரியன் சபைகள் அதை 'மாயல்தோ' என்று கொண்டாடுகின்றன.

ரெம்ப்ராண்டுக்கு இவர் புதியவரல்ல. இருபதை ஒட்டிய வயதிலேயே வரைந்தார். அது ஹாம்பர்கில் இருக்கிறது. 1631ல் மீண்டும் வரைந்தார். தி ஹேக் நகர மவுரிட்சூயிஸ் அருங்காட்சியகத்திலுள்ள அந்தப் படத்தில் வானுயர்ந்த தூண்கள், படிக்கட்டில் ஜனக்கூட்டம், நடுவில் ஒளி வெள்ளத்தில் சிறு உருவங்கள். இளைஞனின் கைவரிசை. கடைசிப் படத்தில் தூணும் இல்லை, கோவிலும் இல்லை.

இடைப்பட்ட காலத்தில் நடந்தது நிறைய. மூன்று குழந்தைகள் பிறந்த சில வாரங்களிலேயே இறந்தன. 1642ல் மனைவி சாஸ்கியா. 1656ல் திவால்; வீடும் சேகரித்த பொருள்களும் ஏலத்தில் போயின. (முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து ஷாஜகானை அவர் வரைந்து பழகியதும் இந்த ஆண்டுகளை ஒட்டித்தான்.) 1663ல் துணைவி ஹென்ட்ரிக்யே. 1668 செப்டம்பரில் மகன் டைட்டஸ், 26 வயதில். தந்தை முகம் காணாமலே டைட்டஸின் மகள் பிறந்தாள். 1669 மார்ச்சில் அவளது ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர் தாத்தா ரெம்ப்ராண்ட்.

அந்தப் பேத்திதான் படத்தில் இருக்கிறாள் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். ஆதாரம் கிடையாது. டிர்க் வான் கட்டன்பர்க் என்பவருக்காக வரையப்பட்டுவந்த படம் இது. ரெம்ப்ராண்ட் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு அதை அவரது கூடத்தில் பார்த்ததாக சக ஓவியர் ஒருவர் 1671ல் சாட்சி சொல்லியிருக்கிறார். பின்னால் நிற்கும் பெண் மரியாவா அன்னாவா என்பதும் தெளிவில்லை. அவளை வேறொரு கை பிறகு சேர்த்திருக்கலாம் என்று கருதும் வல்லுநர்கள் உண்டு.

கிழவர் மட்டும் சந்தேகமின்றி ரெம்ப்ராண்டின் கை. இன்று ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தில் சிமியோனின் இமைகள் ஏறக்குறைய மூடியிருக்கின்றன. பார்ப்பதற்காகவே ஆயுள் நீட்டிக்கப்பட்டவர், குழந்தையைப் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, பாடுகிறாரோ, முணுமுணுக்கிறாரோ. விரல்கள் விறைத்து நீண்டிருக்கின்றன. குழந்தையை அவை பிடிக்கவில்லை. அது அந்த முன்கைகளின் மேல் சும்மா படுத்திருக்கிறது.